பல் கணக்கு

தூத்துக்குடிக்காரனிடம் வந்து மலைப் பாதையைப் பற்றி யோசனை கேட்பது, கொடைக்கானல்காரனிடம் போய் வலை பின்னித் தரச் சொல்வது போலத்தான். எங்கள் ஊரில் மேடு என்று சொல்லத்தக்கவை ரயில்வே மேம்பாலங்கள். அவற்றை விட்டால் உப்பளங்களில் குவித்து வைத்திருக்கும் உப்பு அம்பாரங்கள். திருச்செந்தூர்ப் பக்கம் போனால் செக்கச் செவேலென்று தேரி மணல் மேடுகள் உண்டு. ஆனால் அங்கே சைக்கிள் ஏறுவதில்லை, புதைகிறது. ஆகவே எங்கள் ஜனங்களுக்குச் சைக்கிள் என்பது மிதித்தால் போவது, மிதிக்காவிட்டால் நிற்பது. அதன் சக்கரத்தில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்பட்டதில்லை.

எனக்கு அந்த அவசியம் 2019-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஏற்பட்டது.

என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் உப்பளத் தொழிலாளி குடியிருக்கிறார். முள்ளக்காட்டு அளத்தில் உப்பு வாருகிற வேலை. அவருடைய மூத்த பையன் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினவன். கிராமத் தபால் சேவகர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டிருந்தான். அந்த வேலைக்குத் தனியாகப் பரீட்சை கிடையாது. பத்தாவது மார்க்கைப் பார்த்தே ஆள் எடுக்கிறார்கள். இன்னொரு தகுதியும் உண்டு: சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு வயதில் குரங்குப் பெடல் போட ஆரம்பித்த பையனுக்கு அது ஒரு தகுதியா! இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த இடம் கொல்லிமலை.

"கொல்லிமலைன்னா எங்க அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் தகப்பனார் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நான் கதை எழுதுகிறவன் என்பதால் உலகத்துச் சமாசாரம் எல்லாம் எனக்குத் தெரியும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. நாமக்கல் ஜில்லா, வல்வில் ஓரி ஆண்ட மலை, பலாவும் மிளகும் காப்பியும் விளைகிற சீமை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடிவாரம் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அதுல சைக்கிள் ஏறுமா?"

"அந்த எழுபதையும் பஸ்ஸிலே ஏறிக்கொள்ளலாம். சைக்கிளையும் பஸ் மேலே போட்டுக்கொள்ளலாம். மேலே போனபிறகுதான் விஷயம். மேலேயும் சமதளம் இல்லை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஏற்றமும் இறக்கமுமாகத்தான் இருக்கும்."

"நம்ம சைக்கிளைத்தான் குடுத்து அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார்.

இந்தக் காலத்தில் சைக்கிளில் தபால் கொடுக்கப் போவதா, ஒரு மொபெட் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று வாசகர் நினைக்கலாம். தபால்காரர்கள் பலர் மொபெட்டில்தான் போகிறார்கள். ஆனால் உப்பளத்துக் குடும்பத்தின் வரவு செலவு வேறு மாதிரி. மழை விழுந்தால் பாத்தியில் வேலை கிடையாது. ஐப்பசியில் நின்றுபோன வேலை தை வரையில் தலைகாட்டாது. அந்த மூன்று மாதத்துக்கு வாங்கிய கடனை அடைக்க மற்ற ஒன்பது மாதம் உழைக்க வேண்டும். இதில் மொபெட்டுக்கு முன்பணம் எங்கிருந்து வரும்? பையன் சம்பாதித்து, தானே வாங்கிக்கொள்கிற வரையில் வீட்டிலுள்ள சைக்கிள்தான். தகப்பனார் அளத்துக்குப் போக என்ன செய்வார் என்று கேட்டேன். கூட வேலை செய்கிறவர் ஒருவர் பின்னால் டபுள்ஸ் போய்க்கொள்வதாகச் சொன்னார்.

பையனுக்குத் தகப்பனார் யோசனை பிடிக்கவில்லை. கியர் வைத்த சைக்கிள் வேண்டும் என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் குறைந்த விலையில் கிடைக்கிற கியர் சைக்கிளில் கம்பி இழுபடும், செயின் நழுவும், மாற்றுகிற கருவி வளையும்; மலைமேல் அதை ரிப்பேர் செய்ய ஆள் தேட வேண்டும். நமது பழைய இரும்புச் சைக்கிளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதன் உறுப்புகள் கிடைக்காத சந்தை தமிழ்நாட்டில் கிடையாது. ஒரு ஸ்பானர், ஒரு சுத்தியல், ஒரு பஞ்சர் டப்பா இவை போதும்.

சைக்கிள் இருபத்தைந்து வருஷத்துப் பழைய ஹெர்குலிஸ். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், தோல் சீட்டு, பின்னால் இரண்டு ஆள் உட்காரத் தக்க கேரியர். உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்து போயிருந்தாலும் பிரேம் எஃகாகவே இருந்தது. குனிந்து எண்ணிப் பார்த்தோம். முன்னால் செயின் வீலில் 44 பல். பின்னால் பிரீவீலில் 18.

இந்தப் பல் கணக்கு இருக்கிறதே, அது பார்ப்பதற்குத்தான் பெரிய சாஸ்திரம். அடிப்படை ரொம்பச் சுலபம். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது வந்துவிடும். நாற்பத்து நாலைப் பதினெட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டரை. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு இரண்டேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5½ மீட்டர் போகிறது. பின்னால் 18 பல்லுக்குப் பதில் 22 பல் போட்டால் 4½ மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள்: வகுத்து வந்ததைச் சக்கரத்தின் அங்குலத்தால் பெருக்கி, "68 அங்குல கியர்", "56 அங்குல கியர்" என்பார்கள். இது என்ன அங்குலம் என்று எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. விஷயம் இதுதான். ஆதியில் செயினே கிடையாது. பெடல் முன் சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். ஆளுயரச் சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கனவான்கள் போனார்கள், விழுந்தார்கள். 1885-இல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய சம உயரமுள்ள இரண்டு சக்கரத்தையும் செயினையும் வைத்து ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பூதங்கள் மறைந்தன. அங்குலம் மட்டும் மறையவில்லை. அறுபத்தெட்டு அங்குல கியர் என்றால், அந்தக் காலத்து அறுபத்தெட்டு அங்குலச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து மிதிப்பதற்குச் சமம் என்று அர்த்தம். அப்படி ஒன்றை மலைமேல் மிதிப்பதை நினைத்துப் பாருங்கள்.

பையனுடைய எடை 60 கிலோ. சைக்கிள் 22 கிலோ இருக்கும். தபால் பை ஐந்து என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 87. பதினைந்து அடி போனால் ஓரடி உயர்கிற மேட்டில் இந்த எடையில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைய, வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். கிராங்கு ஆறரை அங்குலம். இதையெல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தால், 18 பல்லில் ஏறும்போது பெடலை விடாமல் சராசரி 30 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். 22 பல்லில் 25 கிலோ போதும். ஐந்து கிலோதானே என்று தோன்றும். ஆனால் பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கையில் அழுத்துவதெல்லாம் வீண். அந்த நஷ்டத்தை நடுவில் ஈடுகட்டியாக வேண்டும். அப்போது 18 பல்லுக்கு 45 கிலோவுக்கு மேல் போய்விடுகிறது. 22 பல்லில் நாற்பதுக்குள் நிற்கிறது. அறுபது கிலோப் பையன் நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் அழுத்துவதென்றால் சீட்டைவிட்டு எழுந்து நிற்காமல் முடியாது. எழுந்து நின்று ஒரு மேட்டை ஏறலாம். தினம் பத்து மேட்டை, வருஷம் முந்நூறு நாள் ஏற முடியுமா?

இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினபோது தகப்பனார் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணாச்சி, இருபத்தஞ்சு வருசமா இந்தப் பல்லுலதான நான் மிதிக்கேன். கச்சான்ல எத்தனை நாள் போயிருக்கேன். சின்னப் பய, ஏறிருவான்" என்றார்.

கச்சான் என்று அவர் சொன்னதும் எனக்கு ஒன்று தோன்றியது. எங்களுக்கு மலை இல்லாவிட்டால் என்ன, காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் புகுந்து வருகிற காற்று, மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் வேகத்தையும் புழுதியையும் மட்டும் சுமந்துகொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது அதனால்தான். ஆடியில் பாளையங்கோட்டைச் சாலையில் மேற்கு முகமாகச் சைக்கிள் மிதிப்பவன் மலை ஏறுகிறவனே. என் கணக்கில், மணிக்கு 35 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனை, நான் மேலே சொன்ன பதினைந்துக்கு ஒன்று மேடு எவ்வளவு இழுக்குமோ ஏறத்தாழ அவ்வளவு காற்று தள்ளுகிறது.

ஆனால் ஒரு பேதம் உண்டு. காற்றுக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது. நீங்கள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் தன் பிடியைச் சற்றுத் தளர்த்தும். ஒரு லாரி பக்கத்தில் போனால், ஒரு சுவர் வந்தால், ஒரு நிமிஷம் மூச்சு விடலாம். மேட்டிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. நீங்கள் மெல்லப் போனாலும் வேகமாகப் போனாலும் அந்த ஆறு கிலோ ஆறு கிலோதான். இதில் ஒற்றைப் பல் சைக்கிளுக்கு ஒரு தர்மசங்கடம். நிமிஷத்துக்கு முப்பத்தைந்து சுற்றுக்குக் கீழே பெடல் போனால் வண்டி தள்ளாட ஆரம்பித்துவிடும். 18 பல்லில் அந்த முப்பத்தைந்து சுற்றுக்கு வேகம் மணிக்கு 11½ கிலோமீட்டர். 22 பல்லில் 9½-க்குச் சற்றுக் குறைவு. அதாவது பல்லின் எண்ணிக்கை எவ்வளவு பலம் வேண்டும் என்பதை மட்டுமல்ல, எவ்வளவு மெதுவாகப் போக உங்களுக்கு அனுமதி உண்டு என்பதையும் நிர்ணயிக்கிறது.

எங்கள் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்த நியாயம் தெரியும். 1961-இல் நடந்த கடைசி முத்துக் குளிப்பின்போது எனக்குப் பதினொரு வயது. கல்லில் கால் வைத்துக்கொண்டு எட்டு பாகம், பத்து பாகம் ஆழத்துக்கு விர்ரென்று இறங்குவார்கள். இறங்கக் கல் இருக்கிறது. ஏற? தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழேயிருந்து சமிக்ஞை வந்ததும் இழுப்பார். சொந்த மைத்துனனைத்தான் கயிற்றுக்கு நிறுத்துவார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தங்கை தாலியை நினைத்தாவது ஒழுங்காக இழுப்பானாம். சைக்கிளில் போகிறவனுக்கு இழுத்துவிட மைத்துனன் கிடையாது. பிரீவீலில் நாலு பல் கூடுதலாக இருந்தால் உண்டு.

பையனை ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் காற்று உச்சத்தில் இருக்கும்போது பழைய பல்லோடு பாளையங்கோட்டைச் சாலையில் கோரம்பள்ளம் வரை மிதித்துவிட்டு வா, மறுநாள் பல்லை மாற்றிவிட்டு அதே நேரத்தில் போய்வா என்றேன். முதல் நாள் போய்விட்டு வந்தான். பாதிக்கு மேல் நின்றுகொண்டேதான் மிதித்தானாம். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஆனாலும், "ஏறிட்டேன்லா பெரியப்பா" என்றான். பதினெட்டு வயதில் ஏறிவிட்டால் போதும்; எப்படி ஏறினோம் என்பது கணக்கில் வராது.

மறுநாள் காலையில் மூன்று பேருமாகச் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். ஒரு காலத்தில் மணிக்கு இத்தனை என்று வாடகைச் சைக்கிள் விட்டவர். இப்போது பஞ்சரும் ஓவராயிலும் மட்டும். விஷயத்தைச் சொன்னேன். அவர் பையனை ஏற இறங்கப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், கடைசியில் தகப்பனார் நடந்து வந்ததைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு போடுங்க" என்றார்.

பையன், "அது பாரவண்டிக்குப் போடுறதுல்லா? எல்லாரும் சிரிப்பாங்க. வேணும்னா இருபது போடுங்க" என்றான்.

இருபதில் தப்பு ஒன்றும் இல்லை. பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேடு கொஞ்சம், சமதளம் நிறைய என்று இருக்கிற ஊருக்கு, உதாரணமாகக் கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துச் சாலைகளுக்கு, நானே இருபதைத்தான் சொல்லுவேன். ஆனால் இவன் போவது மலைமேல். கையில் தபால் பை. அவசரமாக எங்கும் போக வேண்டியதில்லை. நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் 22 பல்லில் மணிக்கு 16 கிலோமீட்டர் போகும். 18 பல்லில் 20 கிலோமீட்டர் போகுமே என்றால், மலையில் இருபது கிலோமீட்டர் வேகம் இறக்கத்தில் தானாகவே வந்துவிடும். அதற்கு மிதிக்க வேண்டியதில்லை, பிடிக்கத்தான் வேண்டும். இன்னும் பெரிதாகப் போட்டால் என்ன என்று தகப்பனார் கேட்டார். போடலாம். ஆனால் மிகச் செங்குத்தான ஒரே ஒரு மேட்டை உத்தேசித்து எல்லா இடத்திலும் கால் வீணாகச் சுற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை. தினமும் பலமுறை வருகிற மேட்டுக்குத்தான் பல்லைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் உள்ளதற்கு இறங்கித் தள்ள வேண்டும்.

தள்ளுவது என்றதும் பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனுக்கு நான் பிரான்ஸ் தேசத்துக் கதையைச் சொன்னேன். அந்த நாட்டைச் சுற்றி நடக்கிற சைக்கிள் பந்தயம் 1903-இல் தொடங்கியது. 1910-இல் முதல் தடவையாக அதைப் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்கள் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அவற்றுள் ஒன்றான தூர்மலேயின் உயரம் 2,115 மீட்டர். அன்று அந்தக் கணவாயை ஒரு தடவைகூட இறங்காமல் மிதித்தே ஏறியவர் கஸ்தாவ் காரிகூ. அதற்காக நூறு பிராங்கு இனாம் வாங்கினார். ஆனால் உச்சிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் ஆக்தாவ் லாபீஸ். அவர் சில இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே ஏறினார். அன்றைய ஓட்டத்திலும் அவர்தான் முதல். அந்த வருஷத்துப் பந்தயம் முழுவதிலும் அவர்தான் முதல்.

அந்தப் பந்தயத்தில் 1937 வரையில் ஓடும்போதே பல் மாற்றுகிற கருவிக்கு அனுமதி இல்லை. பின் சக்கரத்தின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பற்சக்கரம் இருக்கும். மலை அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள்; உச்சியில் மறுபடி திருப்புவார்கள். (நமது சைக்கிளில் அது முடியாது, பின் ஹப்பில் ஒரு பக்கம்தான் மரை.) பந்தயத்தை நடத்திய ஹென்ரி தெக்ராஞ்சு, பல் மாற்றும் கருவியெல்லாம் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் என்று கிண்டலாக எழுதியவர். எனக்கு அது நல்ல யோசனையாகவே படுகிறது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தானே மனிதனுக்கு முட்டு என்று ஒன்று இருப்பது தெரிகிறது?

கடைக்காரரும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். தகப்பனார் மறுபடி, "இருபத்தஞ்சு வருசமா நான் பதினெட்டுலதான..." என்று ஆரம்பித்தபோது, அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"சரிதான் தம்பி. ஒங்க இடது முட்டு எதுல போச்சுன்னு நெனைக்கீங்க?"

தகப்பனார் பதில் சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று போய்விட்டது என்றுதான் அவர் எங்களிடம் சொல்லுவது வழக்கம். அதுவும் காரணமாக இருக்கலாம். நான் வைத்தியன் அல்ல. ஆனால் ஆடிக் காற்றில் எழுந்து நின்று மிதித்ததும், சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மடங்கின முழங்காலோடு அழுத்தியதும் அதில் பங்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சீட்டைத் தாழ வைத்துத்தான் ஓட்டுகிறோம். நின்றால் கால் தரையில் பட வேண்டும் என்று பார்க்கிறோமே தவிர, பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும் என்று பார்ப்பதில்லை.

தகப்பனார் கொஞ்ச நேரம் கடை வாசலில் கிடந்த பழைய டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையன் பக்கம் திரும்பாமலே, "அண்ணாச்சி சொல்லுததையே போடுங்க. சீட்டையும் ஏத்தி வையுங்க" என்றார். பையனும் பிறகு ஒன்றும் பேசவில்லை.

சொல்வது சுலபமாகப் போயிற்று. கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பிரீவீல் என்பது ஹப்பில் மரையில் ஏறி உட்கார்ந்திருப்பது. மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். இருபத்தைந்து வருஷம் மிதித்த இறுக்கம். அதன்மேல் உப்புக் காற்றின் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊற வைத்தார். கழற்றுகிற கருவியை வைசில் பிடித்து, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்து மாட்டி, பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவது போலத் தகப்பனும் மகனும் எதிரெதிரே நின்று ரிம்மைப் பிடித்துத் திருப்பினார்கள். மூன்று தடவை அசையவில்லை. நாலாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம். ஹப்பு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். பிரீவீல்தான் விட்டிருந்தது. புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவினார். மறுபடி எவனாவது கழற்ற வேண்டி வந்தால் அவன் என்னைத் திட்டாமல் இருப்பான் என்றார்.

நாலு பல் கூடியதற்குச் செயினும் நீள வேண்டும். ஒரு ஜோடிக் கண்ணி சேர்த்தால் சக்கரம் பழைய இடத்திலேயே இருக்கும். சேர்க்காவிட்டால் சக்கரம் அரை அங்குலம் முன்னால் வரும், கொண்டியில் அதற்கு இடம் இருந்தால் போதும். பழைய செயின் நீண்டுபோயிருந்ததால் கடைக்காரர் புதிதாகவே போட்டார். பழைய செயினைப் புதுப் பல்லில் மாட்டினால், அது தன்னுடைய தேய்மானத்தைப் பல்லுக்கும் கற்றுக் கொடுத்துவிடும் என்பது அவருடைய அபிப்பிராயம். உண்மைதான்.

அன்று சாயங்காலம் பையன் மறுபடி கோரம்பள்ளம் போய்வந்தான். காற்று முதல் நாளைப் போலவே இருந்தது. ஓரிடத்தில்கூட எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே போனானாம். சட்டை அவ்வளவாக நனையவில்லை. ஆனால் திரும்பி வருகையில் காற்று முதுகில் தள்ளும்போது, "கால் சும்மா சுத்துது பெரியப்பா. வண்டி போக மாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டான். முதல் நாள் திரும்பி வந்ததைவிட ஏழெட்டு நிமிஷம் கூடுதலாயிற்று என்றும் சொன்னான். ஒற்றைப் பல் சைக்கிளில் இதற்குப் பரிகாரம் கிடையாது. ஏற்றத்தில் கொடுத்ததை இறக்கத்தில் வாங்கிக்கொள்ளும். அவன் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

ஆவணி பிறந்ததும் பையன் புறப்பட்டான். ரயிலில் சைக்கிளைப் புக் பண்ணி, நாமக்கல்லிலிருந்து பஸ் மேலே போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாகத் தகவல் வந்தது. அடுத்த மாதம் ஒரு தபால் கார்டு வந்தது. போனில் பேசுகிற காலத்தில் கார்டு எதற்கு என்று நினைத்தேன். தபால் இலாகாவில் சேர்ந்துவிட்டு போனில் பேசினால் என்ன மரியாதை! தகப்பனார் கார்டை எடுத்து வந்து என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியும். இருந்தும் இன்னொரு தடவை கேட்க ஆசை.

தினமும் போகிற பாதையில் பெரிய மேடு மூன்று. இரண்டை உட்கார்ந்தே மிதித்து ஏறிவிடுகிறான். மூன்றாவதில் இறங்கித் தள்ளுகிறான். அந்த ஊர்க்காரர்களும் அங்கே தள்ளத்தான் செய்கிறார்கள். வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடவே வந்து பின்னாலிருந்து தள்ளிவிடுகின்றன. பல் விஷயத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இறக்கம்தான் பயமாயிருக்கிறது. அங்கே மழை அதிகம். ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. நல்லதாக நாலு ஜோடி வாங்கி அனுப்பவும்.

இது அந்தக் கம்பி பிரேக்கின் சுபாவம். எஃகு ரிம் ஈரமானால் ரப்பர் வழுக்கத்தான் செய்யும். வளைவுக்கு வெகுதூரம் முன்னாலேயே லேசாகப் பிடித்து ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்திப் பிடிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் ஒரே பிரேக்கை நம்பாமல் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ரொம்பச் செங்குத்தாக இருந்தால், ஏறும்போது இறங்கித் தள்ளியது போலவே இறங்கும்போதும் இறங்கித் தள்ள வேண்டும். இதையெல்லாம் எழுதச் சொல்லித் தகப்பனார் ஒரு கார்டு வாங்கி வந்தார். எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே கடைக்குப் போய் நாலு ஜோடிக் கட்டை வாங்கி, துணியில் வைத்துத் தைத்து, தபாலாபீசில் ரிஜிஸ்டர் பார்சல் பண்ணினார்.

"எத்தனை நாள்ல போய்ச் சேரும் அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

அடிவாரம் வரைக்கும் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்த ஊரில் பார்சலைப் பட்டுவாடா செய்ய வேண்டியவன் அவருடைய பையன்தான்.